வலம் மட்டும் வந்த யந்திரம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் உபாத்தியாயர்கள் எல்லோரும் பாயை விரித்துப் படுத்துவிடுகிறார்கள் என்று ஜனங்களிடையே ஓர் அபிப்பிராயம் இருந்து வருகிறது. அதில் உண்மையே கிடையாது என்று நாம் சாதிக்கப் போவதில்லை. சென்ற வருஷம் மே மாதம் முதல் வாரத்தில் நாமும் அந்தத் திருப்பணியில்தான் ஈடுபட்டிருந்தோம். அந்தச் சமயத்தில் டெலிபோன் அடித்தது. பேசியவர் நம் மதினி.

"தம்பி, உங்க அண்ணனுக்கு நீங்கதான் வந்து புத்தி சொல்லணும். அந்த டோசரை எடைக்குப் போட்டுருங்கன்னா மனுஷர் காதிலேயே வாங்க மாட்டேங்கிறார். ரெண்டு வருஷமா வேப்பமரத்தடியிலே துருப்பிடிச்சுக் கிடக்கு. சின்னவளுக்குக் காலேஜ் பணம் கட்டணும். நீங்க படிச்சவுங்க, நீங்க சொன்னா கேப்பார்."

"நீங்க படிச்சவுங்க" என்ற வார்த்தைக்கு ஒரு வசிய சக்தி உண்டு. அதைக் கேட்ட மாத்திரத்தில் நாற்பத்தைந்து வயது மனிதனுக்கும் முதுகு நிமிர்ந்துவிடுகிறது. மறுநாள் காலையிலேயே திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறிவிட்டோம்.

நாம் செய்த ஒரு குற்றத்தை இந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டு விடுவது நல்லது. மானாமதுரையில் பஸ் மாறும்போது, பழைய இரும்பு வாங்கும் வியாபாரி ஒருவரை நாம் தற்செயலாகச் சந்திக்கவில்லை. தேடிப் போய்ச் சந்தித்தோம். யந்திரத்தின் எடை சுமார் 12 டன். கிலோ 30 ரூபாய். ஆக 3,60,000 ரூபாய் என்று பேசி முடித்து, 5,000 ரூபாய் முன்பணமும் வாங்கிச் சட்டை ஜேபியில் வைத்துக்கொண்டோம். அண்ணனுடைய சம்மதம் வெறும் சம்பிரதாயம்தான் என்று அப்போது நமக்குத் தோன்றியது. பத்து நோட்டுகள் கொண்ட அந்த மெல்லிய கட்டு, பிற்பாடு இருபது தினங்கள் நம் மார்பின் மேல் எவ்வளவு கனத்தது என்பதை நாமே அறிவோம்.

நம் தமையனார் நம்மைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு டோசர் ஓட்டுபவர் ஒருவரிடம் உதவியாளாகச் சேர்ந்தார். 1993-இல் ஓர் ஏலத்தில் இந்த யந்திரத்தை எடுத்தார். அப்போதே அது வயதானது; 1970-களில் செய்யப்பட்ட உருப்படி. அதைக் கொண்டு மேடும் பள்ளமுமான புஞ்சைகளைச் சமன் செய்தார். கருவேல வேரைப் பிடுங்கினார். எத்தனையோ கண்மாய்களுக்குக் கரை போட்டார். 1996 முதல் ஐந்து வருஷம் நாம் மதுரையில் பௌதிக சாஸ்திரம் வாசித்துப் பட்டம் வாங்கியது, அந்த யந்திரம் மண் தள்ளிய கூலியில்தான். ஹாஸ்டலில் யாராவது விசாரித்தால் "அண்ணன் காண்ட்ராக்டர்" என்று சொல்லி வைத்தோம். அது முழுப் பொய்யாகாது. ஆனாலும் அவர் ஹாஸ்டலுக்கு வந்தால், டீசல் வாசனை அறைக்குள் வராதபடி வாசலிலேயே வைத்துப் பேசி அனுப்பிவிடுவோம்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் யந்திரத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். நாம் பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பிரசங்கத்தை ஆரம்பித்தோம். தேய்மானம், வட்டி, வயது, முழங்கால் வலி என்று வரிசையாக எடுத்து விட்டோம். அண்ணன் முழுவதையும் கேட்டுவிட்டு, "பரமக்குடி பாய் நாளைக்கு வர்றார் தம்பி. ஒரு ஆள் குறையுது. லீவுதானே, கூட இருந்து பிடிச்சுக் கொடு" என்றார். நம் பிரசங்கத்துக்கு வந்த பதில் அவ்வளவுதான்.

பாய்க்கு வயது எழுபதை நெருங்கியிருக்கும். இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. எண்ணெய்க் குழாயில் சேர்ந்திருந்த காற்றை வெளியேற்றி, புது பாட்டரி வைத்து, ஒரு மணி நேரத்தில் எஞ்சினை உறும வைத்துவிட்டார். எஞ்சினில் கோளாறு இல்லை. யந்திரம் நகர்ந்தது. ஆனால் அது நகர்ந்த விதம் விநோதமாயிருந்தது. நேராகப் போகச் சொன்னால் வலப்பக்கம் சாய்ந்து போயிற்று. இடப்பக்கம் திரும்பச் சொன்னால் கேட்கவே இல்லை. வேப்பமரத்தை மூன்று தடவை பிரதட்சிணமாக வந்து நின்றது. கோவில் பிராகாரத்துக்கு இதைவிட உகந்த யந்திரம் கிடைக்காது. கண்மாய்க் கரைக்குத்தான் உதவாது.

டோசரில் மோட்டார் வண்டியைப் போல் திருப்புவதற்கு ஒரு சக்கரம் கிடையாது என்பதைச் சில வாசகர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். எஞ்சினிலிருந்து வரும் சக்தி, ஓட்டுபவரின் ஆசனத்துக்கு அடியில் உள்ள ஒரு குறுக்குத் தண்டில் வந்து சேருகிறது. அந்தத் தண்டின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு கிளட்ச். வலது கிளட்ச் வலப்பக்கத்து இரும்புச் சங்கிலியை இயக்கும்; இடது கிளட்ச் இடப்பக்கத்துச் சங்கிலியை இயக்கும். (சங்கிலி என்று நாம்தான் எழுதுகிறோம். பட்டறையில் சிறு பையன்கூட 'செயின்' என்றுதான் சொல்கிறான். நாமும் இனி அப்படியே சொல்வோம்.) கிளட்ச் என்பது ஒரு தட்டு அடுக்கு. ஓர் இரும்புத் தட்டு, ஒரு பிடிப்புத் தட்டு, மறுபடி ஓர் இரும்புத் தட்டு என்று மாற்றி மாற்றி அடுக்கி, பலமான ஸ்பிரிங்குகளால் நெருக்கி வைத்திருக்கிறார்கள். நெருக்கம் இருக்கும் வரையில் எல்லாத் தட்டுகளும் ஒன்றாகச் சுழன்று செயினை இழுக்கும். ஓட்டுபவர் இடது லீவரை இழுத்தால் ஸ்பிரிங்குகள் பின்வாங்கும்; தட்டுகள் ஒன்றை ஒன்று விட்டு விலகும்; இடது செயினுக்குச் சக்தி நின்றுபோகும். வலது செயின் மட்டும் தள்ளிக்கொண்டு போவதால் யந்திரம் இடப்பக்கம் திரும்பும். இன்னும் குறுகலாகத் திரும்ப வேண்டுமானால் அந்தப் பக்கத்துப் பிரேக்கையும் மிதிக்க வேண்டும்.

பாய் யந்திரத்தை இரண்டு முறை சுற்றி வந்து வியாதியைச் சொல்லிவிட்டார்:

"இந்தப் பக்கம் விடாது. அந்தப் பக்கம் பிடிக்காது. ரெண்டையும் திறக்கணும்."

மதினி தாழ்வாரத்திலிருந்து, "இந்த வீட்டிலே எல்லாமே அப்படித்தான் பாய்" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதை நாம் ஆராயவில்லை.

உடனே திறந்துவிடவில்லை. முதலில் ஒரு கைவைத்தியம் நடந்தது. இடது லீவரைக் கயிற்றால் பின்னுக்கு இழுத்துக் கட்டிவிட்டு, யந்திரத்தை முன்னும் பின்னும் ஓட்டி, இடது பிரேக்கை ஓங்கி ஓங்கி மிதிப்பது. துருவினால் ஒட்டிக்கொண்ட தட்டுகள் சில சமயம் இந்த அதிர்ச்சியில் விட்டுவிடுமாம். அண்ணன் அரை மணி நேரம் மிதித்தார். அவருடைய முழங்கால்தான் விட்டுவிடும்போல் இருந்தது, தட்டுகள் விடவில்லை.

ஆகவே ஆசனத்தைக் கழற்றினோம். அதற்குப் பின்னால் டீசல் டாங்கியைக் கழற்றினோம். அடியிலிருந்த மூடிகளை எடுத்து, பிரேக் பட்டைகளை அவிழ்த்து, இரும்புக் குழாய் முக்காலியில் செயின் பிளாக் மாட்டி, இடது கிளட்ச் அடுக்கை அப்படியே வெளியே தூக்கினோம். "தூக்கினோம்" என்பதில் நம் பங்கு, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பயந்து நின்றதுதான்.

மழை ஜலம் லீவர் துவாரங்களின் வழியாக உள்ளே இறங்கி இரண்டு வருஷம் குடித்தனம் செய்திருந்தது. தட்டுகள் நமுத்த அப்பளக் கட்டு மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஸ்பிரிங்குகளைச் சும்மா அவிழ்க்கக் கூடாது. நீளமான போல்ட்டுகளைப் போட்டு நெருக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். அவசரப்பட்டால் அது புறப்படும் திசையில் யார் நிற்கிறார் என்று ஸ்பிரிங் பார்ப்பதில்லை. தட்டுகளைப் பிரித்தபோது இரண்டு உடைந்தே போயின.

ஆனால் துரு பாதிக் கதைதான். தட்டுகளின் உள்விளிம்பில் பற்கள் உண்டு. அவை நடுவிலுள்ள உருளையின் பற்களில் கோத்துக்கொண்டு நிற்கும். லீவரை இழுத்தால் தட்டுகள் உருளையின் மேல் ஒரு மயிரிழை அகலம் நகர்ந்து விலக வேண்டும். வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் இடித்து இடித்து, உருளையின் ஒவ்வொரு பல்லிலும் தட்டுகள் தங்களுக்கென்று ஒரு பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தன. பள்ளத்தில் உட்கார்ந்த தட்டு நகருமா?

"துருவை எடுத்துட்டு மாட்டினா ஆறு மாசத்திலே மறுபடி விடாது சார்" என்று பாய் ஓர் அரத்தை நம் கையில் கொடுத்தார். "பள்ளம் மறையற வரைக்கும் ராவுங்க. பல்லு ஒல்லியாகிடக் கூடாது."

மூன்று நாள் ராவினோம். இருபது வருஷமாக உராய்வு விசையைப் பற்றிக் கரும்பலகையில் எழுதி வருகிறோம். அதைக் கையால் தொட்டது அந்த மூன்று நாட்களில்தான். முதல் நாள் சாயங்காலம் பாய் விரலால் தடவிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் நாம் ராவிய பற்களில் நாலைத் தாமே மறுபடி ராவினார். மூன்றாம் நாள் தடவிப் பார்த்துவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். நாம் வாங்கிய எந்தச் சான்றிதழும் நமக்கு அவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

வலது கிளட்சின் நோய் நேர் எதிரானது. அதில் துருவே இல்லை, ஒரே எண்ணெய். இந்த ரகத்துக் கிளட்ச் உலர்ந்திருக்க வேண்டியது. பக்கத்து அறையில் பல்சக்கரங்கள் எண்ணெயில் மூழ்கியிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே தடுப்பாக இருந்த ஸீல் தேய்ந்துபோய், எண்ணெய் கசிந்து தட்டுகளை நனைத்துவிட்டது. நனைந்த தட்டு வழுக்கும். கனமான மண்ணைத் தள்ளும்போது வலது செயின் பின்தங்கும். யந்திரம் வலம் வந்ததன் ரகசியம் இதுதான். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினால் போதாதா என்று கேட்டோம். "நாலு நாளைக்குப் பிடிக்கும். அஞ்சாம் நாள் கரை மேலே நிக்கறப்ப விடும்" என்றார் பாய். புது ஸீலும் இரண்டு பக்கத்துக்கும் பிடிப்புத் தட்டுகளும் வாங்க வேண்டியதாயிற்று. அண்ணன் பதினைந்து ஆடுகளை விற்றார். மதினி இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, நம்மோடு பேசினார். "உங்களை எதுக்கு வரச் சொன்னேன், நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டார். கிரீஸ் கையோடு நின்ற நம்மிடம் பதில் இல்லை.

அடுத்தது செயின். இரண்டு செயின்களும் தளர்ந்து தொங்கின. தளர்ந்த செயின் திரும்பும்போது கழன்று விழும். அளவுக்கு மேல் இறுக்கினாலோ சீக்கிரம் தேய்ந்து போகும். இறுக்குவதற்குக் கிரீஸ் அடைத்த ஒரு சிலிண்டர் இருக்கிறது. கிரீஸ் பம்ப் செய்தால் முன் சக்கரம் முன்னே தள்ளப்பட்டுச் செயின் விறைக்கும். நம் யந்திரத்தில் அந்த இறுக்கமும் எல்லை தாண்டிவிட்டது. இனித் தள்ள இடமில்லை. செயினைக் கழற்றுவதற்காகக் கிரீஸைத் தளர்த்த நாம் குனிந்தோம். பாய் நம் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"முகத்தை நேரே வைக்காதீங்க சார். ஒரு சுத்துக்கு மேலே திறக்கவும் கூடாது. உள்ளே இருக்கிற கிரீஸ் துப்பாக்கிக் குண்டு மாதிரி. அதுக்குப் பின்னாலே ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கு. அதை நானே தொட மாட்டேன்."

அவருடைய இடது கையைப் பற்றி நாம் அன்றும் கேட்கவில்லை, பின்னரும் கேட்கவில்லை.

இரும்பு எப்படி நீளும் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் கேட்டால், உஷ்ணத்தால் விரிவடையும் என்று சொல்லியிருப்போம். செயின் அப்படி நீளவில்லை. ஒரு செயினில் 39 கண்ணிகள். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின், அதைச் சுற்றி ஒரு புஷ். பின் ஒரு பக்கம் தேய்கிறது. புஷ் உள்ளே ஒரு பக்கம் தேய்கிறது. ஒரு மூட்டுக்கு 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 39 மூட்டுகளுக்கு 78 மில்லிமீட்டர் ஆயிற்று. நாலு விரற்கடை நீண்டுவிட்டது. பின்னால் இருக்கும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட், புஷ்ஷின் வெளிப்புறத்தையும் ஒரே பக்கத்தில் தள்ளித் தள்ளித் தேய்க்கிறது. அந்த ஸ்பிராக்கெட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதன் பற்கள் ஒற்றைப்படை. ஒரு சுற்றில் ஒரு பல் விட்டு ஒரு பல்தான் புஷ்ஷைத் தொடும்; விட்டுப்போன பற்களுக்கு அடுத்த சுற்றில் வேலை. தேய்மானம் இரண்டு பங்காகிவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யாராயிருந்தாலும் கணக்கு உபாத்தியாயராக இருந்திருக்கத் தகுந்தவர்.

இந்த வியாதிக்குச் சிகிச்சை, புதுச் செயின் வாங்குவது. அல்லது புரட்டிப் போடுவது. பின்னும் புஷ்ஷும் ஒரு பக்கம்தானே தேய்ந்திருக்கின்றன? அவற்றை அழுத்தி வெளியே எடுத்து, அரை வட்டம் திருப்பி மறுபடி அழுத்திவிட்டால், தேயாத பக்கம் வேலைக்கு வந்துவிடும். செயினும் பழைய நீளத்துக்குத் திரும்பும். ஆயுளில் ஒரு தடவை செய்யலாம்.

பாய் இதை விவரித்தபோது அண்ணன், "சட்டைக் காலர் மாதிரி" என்றார்.

நம் வயதை ஒத்த வாசகர்களுக்கு இது புரியும். காலரின் மடிப்பு நைந்துபோனால் தையற்காரர் அதைப் பிரித்து, உட்புறத்தை வெளியே திருப்பித் தைத்துக் கொடுப்பார். இன்னும் இரண்டு வருஷம் ஓடும். ஹாஸ்டல் வாசலில் அண்ணன் நின்ற நாட்களில் அவருடைய காலரில் இரட்டைத் தையல் ஓடியதை நாம் பார்த்திருக்கிறோம். அண்ணனுக்கு உடை விஷயத்தில் ரசனை போதாது என்றுதான் அப்போது நினைத்தோம். நமக்கு அந்த வருஷங்களில் தீபாவளிக்குத் தீபாவளி இரண்டு சட்டை.

செயினை இணைக்கும் மாஸ்டர் பின்னைச் சம்மட்டியால் அடித்து எடுக்க ஒரு முழுப் பகல் சென்றது. பதப்படுத்திய இரும்பாதலால் அடிபட்டால் சில்லு தெறிக்கும்; கண்ணாடி மாட்டிக்கொள்ளாதவன் கிட்டே வரக்கூடாது. ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள இரண்டு செயின்களையும் லாரியில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினோம். நூறு டன்னுக்குக் குறையாமல் அழுத்தும் பிரஸ் அங்கேதான் உண்டு.

செயின் திரும்பி வர நாலு நாள் ஆயிற்று. வேலையற்ற அந்த நாட்களில் நமக்கு உபாத்தியாயர் குணம் தலைதூக்கியது. பாய்க்குச் சரித்திரம் போதித்தோம். கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் என்ற ஊருக்கருகே ஆற்று முகத்துவாரத்து நிலம் சேறாகையால் சக்கர யந்திரங்கள் புதைந்து போயின. பெஞ்சமின் ஹோல்ட் என்பவர் சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செயினை மாட்டி, 1904 நவம்பர் 24-இல் ஓட்டிப் பார்த்தார். அதைப் பார்த்த ஒரு போட்டோக்காரர் கம்பளிப் பூச்சி மாதிரி ஊர்கிறதே என்று சொல்ல, 'காட்டர்பில்லர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1923-இல் கான்ஸாஸ் மாகாணத்தில் கம்மிங்ஸ் என்ற விவசாயியும் மக்லௌட் என்ற வரைபடக்காரரும் சேர்ந்து டிராக்டரின் முன்னால் மண் தள்ளும் தகட்டைப் பூட்டினார்கள். நம் தேசத்திலும், யுத்தம் முடிந்து அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற செயின் டிராக்டர்களைக் கொண்டுதான், மத்திய டிராக்டர் ஸ்தாபனத்தார் மத்திய இந்தியாவில் கான்ஸ் என்ற ஆழவேர்ப் புல் மண்டிய நிலங்களை உழுது மீட்கத் தொடங்கினார்கள். 1949-இல் விவசாய யந்திரங்களுக்காக உலக வங்கி ஒரு கோடி டாலர் கடனும் கொடுத்தது.

பாய் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த டிராக்டருக்கெல்லாம் செயின் புரட்டினது யாரு சார்?" என்றார். எந்தப் புத்தகத்திலும் அந்தப் பெயர்களை நாம் படித்ததில்லை.

மே 27-ஆம் தேதி எல்லாம் பூட்டியாகிவிட்டது. செயினின் தொய்வை அளந்து சரிபார்த்தார் பாய். அண்ணன் ஏறி உட்கார்ந்தார். யந்திரம் நேராகப் போயிற்று. இடது லீவரை இழுத்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அது முதன்முறையாக இடப்பக்கம் திரும்பி, வேப்பமரத்தை அப்பிரதட்சிணமாகச் சுற்றி வந்தது. அபசகுனம் என்று யாரும் சொல்லவில்லை. மதினி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் எல்லோருக்கும் காப்பி வந்தது.

நாம் இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திக்கொண்டால் நம் கௌரவத்துக்கு நல்லது. ஆனால் நடந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

யந்திரத்தைக் கண்மாய்க்கு ஓட்டிச் சென்றார்கள். கரை மேல் ஏறியதும், நாமும் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கிறோம் என்று கேட்டோம். அண்ணன் யோசித்தார், பிறகு நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் பிளேடு லீவரின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சமதரையில் பிரமாதமாக ஓட்டினோம். கரையிலிருந்து உட்பக்கம் இறங்கும் சரிவுக்கு வந்தோம். முதல் கியர். வலப்பக்கத்தில் மடையின் பழைய கல்தூண்கள். நாம் இடப்பக்கம் ஒதுங்க எண்ணி இடது லீவரை இழுத்தோம். யந்திரம் வலப்பக்கம் திரும்பியது. இன்னும் பலமாக இழுத்தோம். இன்னும் வேகமாகக் கல்தூணை நோக்கித் திரும்பியது. உலகத்தின் இடமும் வலமும் மாறிவிட்டாற் போலிருந்தது.

அண்ணன் சத்தம் போடவில்லை. கையை ஒரு தள்ளுத் தள்ளினார். முன்னாலிருந்த பிளேடு தொபீரென்று தரையில் இறங்கி மண்ணில் பதிந்தது. தூணுக்கு நாலு முழம் இருக்கும்போது யந்திரம் நின்றது.

"சொல்ல மறந்துட்டேன் தம்பி. இறக்கத்திலே கை மாறும்."

அன்று இரவு திண்ணையில் படுத்துக்கொண்டு காரணத்தை யோசித்துக் கண்டுபிடித்தோம். சமதரையில் எஞ்சின் செயினைத் தள்ளுகிறது. செங்குத்தான இறக்கத்தில் பூமியின் ஈர்ப்பு யந்திரத்தைத் தள்ள, எஞ்சின் அதைப் பிடித்து நிறுத்துகிறது. அப்போது இடது கிளட்சை விட்டால் பிடிப்பு விட்ட இடது செயின் வேகமாக ஓடும். பிடிபட்ட வலது செயின் மெள்ள வரும். ஆகையால் யந்திரம் வலப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் இடப்பக்கம் போக வலது லீவரை இழுக்க வேண்டும். அல்லது இடது லீவரோடு இடது பிரேக்கையும் சேர்த்து மிதிக்க வேண்டும். காலையில் இதை அண்ணனிடம் உற்சாகத்தோடு விவரித்தோம். கரித்துண்டால் சுவரில் படமும் போட்டுக் காட்டினோம். அவர் கவனமாகப் பார்த்துவிட்டு, "சரிதான். எனக்கு மாறும்னு மட்டும் தெரியும்" என்றார். முப்பது வருஷத்தில் அவர் ஒரு கல்தூணையும் இடித்ததில்லை.

பக்கத்துக் கிராமத்தில் புஞ்சை சமன் செய்யும் வேலை அந்த வாரமே வந்தது. சின்னவளின் காலேஜுக்கு முதல் தவணையை நாம் கட்டினோம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. மதினி டெலிபோன் செய்த அன்றே கட்டியிருக்கலாம் என்பது அப்போது தோன்றவில்லை.

பள்ளிக்கூடம் திறக்க இரண்டு நாள் இருக்கையில் புறப்பட்டோம். அண்ணன் மொபெட்டில் ரஸ்தா வரையில் கொண்டுவந்து விட்டார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது சொன்னார்:

"மானாமதுரையிலே இறங்கி, அந்த ஆள் முன்பணத்தைக் கொடுத்திட்டுப் போ."

நமக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எப்போது தெரியும் என்று ஒருவாறு கேட்டோம்.

"நீ வந்த அன்னைக்கு ராத்திரியே போன் பண்ணான், வண்டி எப்ப அனுப்பலாம்னு."

அப்படியானால் ஏன் கேட்கவில்லை என்றோம்.

"கேட்டா நீ ராவுற வேலையைப் போட்டுட்டுப் போயிருப்பே. பாய்க்கு ஆள் வேணுமே."

பஸ் வந்துவிட்டது.

மானாமதுரை வியாபாரி கோபித்துக்கொள்ளவில்லை. "பரவாயில்லை சார், இரும்பு எங்கே போயிடப் போகுது" என்று சொல்லி, எச்சில் தொட்டு நோட்டுகளை எண்ணினார். எட்டாவது நோட்டில் நின்றார். அதில் ஒரு கட்டை விரல் அகலத்துக்குக் கிரீஸ் படிந்திருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, வேறு நோட்டு இருந்தால் கொடுக்கும்படி கேட்டார். பர்ஸிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த நோட்டைத் திரும்ப ஜேபியில் போட்டுக்கொண்டு மதுரை பஸ்ஸுக்கு ஓடினோம்.